கை போச்சு

தோஹா
06.03.2005

மச்சான் கஜேந்திரா,

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. நீ இல்லாவிட்டால் அந்த ரப்பர் பெக்டரி ஓடாது என்று எனக்குத் தெரியும். அதற்காக ஒரு தாள் எழுத நேரம் கிடைக்காதா? நான் வாரத்தில் ஆறு நாள் கடையில் நின்றபடியே வியாபாரம் பார்க்கிறேன். சாயங்காலம் ஆனால் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன் பார்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், சிரிக்காதே. கீபோர்டை விட்டுவிட்டு நான் கொன்ட்ரோலருக்கு மாறிவிட்டேன். ஆமாம், நாம் கொம்பியூட்டரில் விளையாடும் மக்கீன் நானாவின் கடைக்குக் கொழும்புப் பையன் ஒருத்தன் ஒன்றைக் கொண்டு வந்தபோது, "என்னடா நண்டப் புடிச்ச மாதிரி புடிச்சிருக்கான்" என்று நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோமே, அதே நண்டுதான். இங்கே எங்கள் கடையில் டீவியோடு கூட்டி விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். வாங்க வருகிறவர்களுக்கு நான்தான் விளையாடிக் காட்ட வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு விளையாடுகிறேன் என்று உம்மாவிடம் சொல்லிவிடாதே.

என்னோடு ஒரு பிலிப்பைன்ஸ்காரன் வேலை செய்கிறான். அவனுக்கு நம் பாஷை கற்றுக் கொடுத்துவிட்டேன். கஹவத்தையில் ஓர் ஆட்டத்துக்கு 'கை' என்று நான் வைத்த பெயரை இப்போது அவனும் சொல்கிறான். தோற்றால் உடனே "கை போச்சு, கை போச்சு" என்று கத்துகிறான். முதலாளி அரபுக்காரர், ஏதோ பிரார்த்தனை என்று நினைக்கிறார்.

அது இருக்கட்டும். போன மாதம் மக்கீன் நானா இங்கே போன் எடுத்தாரே, அவருக்கு என்ன வந்தது? உனக்குக் கை போச்சு என்று சொல்ல ஒரு வெளிநாட்டுக் கோல் எடுப்பாரா? அதுவும் அழுகிற குரலில். நீ இரத்தினபுரியில் இருக்கிறாய் என்றார், பயிற்சி ஆட்டம் ஆடித் தோற்றாய் போல. நான் இல்லாமல் யாரோடு ஆடினாய்? சொன்னால் எனக்குக் கோபம் வராது. கொஞ்சம் வரும்.

ஆகஸ்டில் இரத்தினபுரியில் நடக்கும் இரட்டையர் போட்டிக்கு நம் பெயரைக் கொடுத்துவிடு. லீவு கேட்டிருக்கிறேன். உன் பக்கத்துக் கதிரை எனக்கு. வேறு யாரையாவது உட்கார வைத்தாயோ, தொலைந்தாய்.

ஷிராஸ்


கீழ் டிவிஷன்
கஹவத்தை
24.03.2005

ஷிராஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ போனில் சொன்னதை மக்கீன் நானா வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. அவருக்குத்தான் சரியாகக் கேட்டிருக்காது என்று உனக்காகப் பேசினேன். இப்போது உன் கையெழுத்திலேயே படித்துவிட்டேன், பிலிப்பைன்ஸ்காரனோடு சேர்ந்து சிரிப்பது வரைக்கும்.

"ஒரு கை தானே போச்சு, அடுத்த கையப் போடச் சொல்லுங்க" என்றாயாம். எனக்கு அடுத்த கை இல்லை ஷிராஸ்.

அம்மா உன் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னாங்க. அவங்களுக்கு உன்மேல் தனிப் பிரியம், உனக்கே தெரியும். "நலம், நலமறிய ஆவல்" என்று இல்லாததை வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். "அவ்ளோதானா எழுதியிருக்கு? ரெண்டு பக்கம் இருக்கே" என்று கேட்டாங்க. அவன் கையெழுத்து பெருசு என்று சொன்னேன்.

தோட்டத்துத் தொர இனி என்னை ரோலர் மெசின் பக்கம் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பொம்பளை ஆள்களோடு உட்கார்ந்து, காய்ந்த ரப்பர் சீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துத் தரம் பிரிக்கிற வேலை. அது பரவாயில்லை. கீபோர்டை இனி நான் தொடப்போவதில்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. உனக்கு ஆள் வேண்டுமானால் அந்தப் பிலிப்பைன்ஸ்காரனைக் கூட்டி வா.

பதில் வேண்டாம்.

கஜேந்திரன்


தோஹா
10.04.2005

கஜேன்,

பதில் வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஐந்து முறை வாசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை மச்சான். நான் என்ன செய்தேன்? ஓர் ஆட்டம் தோற்றதற்குக் கேலி செய்தது தப்பா? நாலு வருடமாக வேறு என்ன செய்தோம்? நான் பதினேழு கை வரிசையாகத் தோற்ற அன்று, கடை வாசலில் நின்று பஸ்ஸில் வருகிறவர்களிடம் எல்லாம் நீ சொல்லவில்லையா?

தொர உன்னை ரோலரிலிருந்து இறக்கியது ஏன்? வேலை நேரத்தில் கடையில் உட்கார்ந்திருந்து பிடிபட்டாயா? நானா அதற்குத்தான் அழுதாரா? அப்படியானால் நேரே எழுத வேண்டியதுதானே.

கடைசியில் எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. நான் கொன்ட்ரோலருக்கு மாறியது உனக்குப் பிடிக்கவில்லை. கட்சி மாறியவனைப் பார்ப்பது போல் பார்க்கிறாய். அதனால்தான் கீபோர்டையே தொடமாட்டேன் என்று சபதம். சரி, நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிறகு திட்டு.

கீபோர்டில் ஆளை நடக்க வைக்க இடது கையில் மூன்று விரல் வேண்டும். நடுவிரல் டபிள்யூவில், மோதிரவிரல் ஏயில், ஆள்காட்டி விரல் டியில். ஒரு விரல் பிசகினால் ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். கொன்ட்ரோலரில் அந்த வம்பே கிடையாது. இடது பக்கம் ஒரு சின்னக் குச்சி, அதன்மேல் பெருவிரல். மெல்லத் தள்ளினால் மெல்ல நடப்பான், அழுத்தித் தள்ளினால் ஓடுவான். கீபோர்டில் ஓடு, இல்லாவிட்டால் நில், இரண்டுதான். பெருவிரல் ஒன்று இருந்தால் போதும் மச்சான், மற்ற விரலெல்லாம் சும்மா துணைக்கு.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். குறி பார்க்க மவுஸை மிஞ்ச ஒன்றும் இல்லை. கண் போன இடத்துக்கு மவுஸ் கூடவே போகும். கொன்ட்ரோலரில் வலது பெருவிரலால் குறியைத் தள்ளிக்கொண்டு போய், தாண்டிவிட்டு, திரும்பி வந்து சேர்வதற்குள் எதிராளி தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுவான். ஆக இரண்டுமே அரைகுறை. எது பெரிது என்று சண்டை போட வேண்டாம்.

நம் ஊர் ஹஸன் லீவில் வருகிறார். அவர் கையில் ஒரு கொன்ட்ரோலர் கொடுத்து அனுப்புகிறேன். நானாவின் கொம்பியூட்டருக்கும் மாட்டலாம். உனக்காகவே செய்த மாதிரி இருக்கும், பிடித்துப் பார்.

கோபத்தை விடு.

ஷிராஸ்


கீழ் டிவிஷன்
கஹவத்தை
02.05.2005

ஷிராஸ்,

ஹஸன் பார்சலைக் கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு என் கையைப் பார்த்தார், பார்சலைப் பார்த்தார், உடனே திரும்பிப் போய்விட்டார்.

மூன்று நாளாக உன் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். தெரிந்து எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா? தெரிந்து எழுதினாய் என்றால் உன்னைப்போல் கல்நெஞ்சன் இந்த உலகத்தில் இல்லை. தெரியாமல் எழுதினாய் என்றால் எந்த விரல் எங்கே என்று அவ்வளவு சரியாக எப்படி எழுதினாய்? "உனக்காகவே செய்த மாதிரி" என்று வேறு. எனக்குத் தலை சுற்றுகிறது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். தெரிந்த கதை என்றால் கிழித்துப் போடு.

பெப்ரவரி பதினேழாம் தேதி காலையில், ரோலரில் சீட்டை விடும்போது ஒன்று மடிந்துகொண்டது. மெசினை நிறுத்தாமல் இழுத்தேன். தப்பு என்னுடையதுதான், எல்லாரும் அப்படித்தான் இழுப்போம். இடது கை உள்ளே போய்விட்டது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் இல்லை. பெருவிரலும் சுண்டுவிரலும் இருக்கிறது. எஸ்டேட் லொறியில்தான் இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அம்மா ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கூடக் கீழே வைக்காமல் லொறிக்குப் பின்னால் ஓடி வந்தாங்களாம்.

இரண்டாம் நாள் மக்கீன் நானா பார்க்க வந்தார். உனக்குச் சொல்லச் சொல்லி நான்தான் அவரைக் கெஞ்சினேன். ஷிராஸ் கேட்டால் துடித்துவிடுவான், பக்குவமாகச் சொல்லுங்கள் என்று வேறு சொன்னேன். மறுநாள் அவர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் சிரிக்கான் மகன். நான் மூணு தரம் சொன்னன். அடுத்த கையப் போடச் சொல்லுங்கன்னு சிரிக்கான்" என்றார்.

விரல் போனதைவிட அதுதான் வலித்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

உன் பார்சலை நான் இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் நீ கேலி செய்தாயா, நல்லது செய்தாயா என்று தெரிந்துவிடுமா?

கஜேந்திரன்


தோஹா
19.05.2005

கஜேன், என் கஜேன்,

உன் கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. சாமான் அறையில் நின்று வாசித்தேன். அப்படியே பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பிலிப்பைன்ஸ்காரன் தண்ணீர் கொண்டு வந்தான். அவனிடம் என்ன சொல்வது? அவனுக்குத் தெரிந்த நம் பாஷையே அந்த இரண்டு வார்த்தைதான்.

அல்லாஹ் மேல் ஆணையாக எனக்குத் தெரியாது. அன்று கடையில் பெரிய மலிவு விற்பனை, இரைச்சல். லைன் விட்டு விட்டுக் கேட்டது. நானா சொன்னது இவ்வளவுதான்: "டேய், கஜேந்திரனுக்குக் கை போச்சுடா. ரத்தினபுரில ஈக்கான்." வேறு எந்த ஊரில், வேறு எந்த மனிதன் கேட்டிருந்தாலும் நெஞ்சு அடைத்துப் போயிருக்கும். நான் சிரித்தேன். அவர் திரும்பச் சொன்னார், இன்னும் சத்தமாகச் சிரித்தேன். மூன்றாம் முறை அவர் அழுகிறார் என்று விளங்கியது. ஆனால் மனிதர் ஒரு ஆட்டத்துக்கு அழுகிறாரே என்று அதற்கும் சிரித்தேன்.

ஆட்டத்துக்குக் கை என்று பெயர் வைத்தது நான். நானாவுக்கும் அது தெரியும். ஆனால் அழுது கொண்டிருக்கிற மனிதனுக்கு அது ஞாபகம் வருமா? சிரித்துக் கொண்டிருந்த எனக்குத்தான் வந்திருக்க வேண்டும், இது வேறு கையாக இருக்குமோ என்று. வரவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

விரல் கணக்கை நான் எழுதியது உன் கையைப் பார்த்து அல்ல. நான்கு வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த உன் பழைய கையைப் பார்த்துத்தான். நல்ல கை அது. இதையும் எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. எதை எழுதினாலும் தப்பாகிறது.

அந்தக் கொன்ட்ரோலரைத் தூக்கிக் களனி கங்கையிலோ களு கங்கையிலோ போடு. போட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது. எழுதாவிட்டாலும் நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

ஷிராஸ்


கீழ் டிவிஷன்
கஹவத்தை
12.06.2005

ஷிராஸ்,

உன் கடிதத்தை நானாவிடம் கொண்டு போய்க் காட்டினேன். வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். "என்ட ரப்பே, நான்தானா ரெண்டு பேரையும் பிரிச்சு வச்சீக்கன்" என்றார். பிறகு, கடைக்கு வந்த எல்லாரையும் கிட்டே கூப்பிட்டு, இனி இங்கே யாராவது ஆட்டத்துக்குக் கை என்று சொன்னால் வெளியே தள்ளிவிடுவேன் என்றார். போஸ்ட் கார்ட் வாங்க வந்த டீச்சரிடமும் சொன்னார். அவங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உன்னை நம்புகிறேன். ஆனால் நான்கு மாதம் உன்மேல் வளர்த்த கோபத்தை இப்போது எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. காலையில் எழுந்தால் முதலில் கோபம் வருகிறது. ஏன் என்று யோசித்த பிறகுதான் காரணம் இல்லை என்று ஞாபகம் வருகிறது.

பார்சலைப் பிரித்தேன். அம்மா, "என்னாடா இது, பல்லி முட்டை மாதிரி பட்டன்?" என்றாங்க. கடைக்குக் கொண்டு போய் மாட்டினேன். நீ சொன்னது சரிதான், இடது பெருவிரல் போதும். ஆள் நடந்தான். கிட்டத்தட்ட நான்கு மாதத்துக்குப் பிறகு நான் நினைத்த பக்கம் ஒன்று நடந்தது. கண் கலங்கிவிட்டது, போ.

ஆனால் குறி பார்க்கும்போதுதான் ஆத்திரமாக வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னை எட்டு முறை சுட்டான். என் வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை ஷிராஸ். ஐந்து விரலும் இருக்கிறது. அந்தச் சாமான் என் நல்ல கையையும் வெறும் பெருவிரலாக்கிவிட்டது. கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு உன் கடிதத்தில் "இரண்டுமே அரைகுறை" என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. அப்படியானால் பாதிப் பாதியாக எடுத்தால் என்ன? கொன்ட்ரோலரின் இடது கைப்பிடிக் கொம்பைத் தொடைமேல் வைத்து, சைக்கிள் டியூப்பை வாராக வெட்டி உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டினேன். பெருவிரல் குச்சியில். வலது கையில் பழைய மவுஸ். குதிப்பதை மவுஸின் நடுவில் உருளும் சில்லுக்குக் கொடுத்தேன். கொம்பியூட்டருக்கும் கொஞ்சம் குழப்பம், இரண்டு பேர் ஆடுகிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ, முதல் நாள் ஆள் வட்டம் போட்டுக்கொண்டே நின்றான். செட்டிங்கில் நோண்டி நோண்டி ஒரு கிழமையில் சரி செய்தேன்.

நேற்று அந்த ஒன்பதாம் வகுப்பு என்னிடம் ஆறுக்கு இரண்டு என்று தோற்றது.

ஆகஸ்ட் ஆறாம் தேதி போட்டி. இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். நீ வா. நீ பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இந்தக் கோபம் முழுதாகப் போகும் என்று நினைக்கிறேன்.

கஜேந்திரன்


தோஹா
14.07.2005

கஜேன்,

லீவு கிடைக்கவில்லை. டிசம்பருக்குத் தள்ளிவிட்டார்கள்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் உன்னிடம் பொய் சொன்னதாகிவிடும். முதலாளி லீவு இல்லை என்று சொன்னபோது, நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கலாம். வெளியே வந்ததும் பாரம் இறங்கியது போல் இருந்தது. எனக்கே ஆச்சரியம். ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு உன் கையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அருவருப்பு இல்லை மச்சான், அப்படி நினைத்துவிடாதே. பார்த்ததும் என் சிரிப்பு எனக்கே கேட்கும். போட்டி நடக்கிற மூன்று மணி நேரமும் திரையைப் பார்ப்பேனா, உன் கையைப் பார்ப்பேனா? பார்க்காமல் இருந்தால் நீ கவனிப்பாய். பார்த்தாலும் கவனிப்பாய். எப்படி உட்காருவது என்றே எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு இனி எழுதாதே என்றால் இந்த முறை நான் கேட்டுக்கொள்வேன்.

ஷிராஸ்


கீழ் டிவிஷன்
கஹவத்தை
09.08.2005

மச்சான் ஷிராஸ்,

உன் கடிதம் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் கிடைத்தது. போவதா வேண்டாமா என்று குழம்பினேன். கடைசியில் உன் கதிரையில் மக்கீன் நானா உட்கார்ந்தார். நாற்பத்தெட்டு வயது, தடித்த கண்ணாடி, வாழ்க்கையில் ஒரு தோட்டாவும் சுட்டதில்லை. "எனக்கு எந்தப் பட்டன்னு மட்டும் சொல்லு மகன்" என்றார்.

டியூஷன் கட்டிடம் ஒன்றில் நடந்தது. நாற்பது, ஐம்பது பேர் இருந்தார்கள். நான் இடது கையை வழக்கம்போல் காற்சட்டைப் பையில் வைத்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லையே, பெப்ரவரியிலிருந்து வெளியே போனால் கை பையில்தான். பஸ்ஸில் கூட அப்படியே நின்று வருவேன்.

எதிர்ப் பக்கத்துப் பையன்கள் என் மேசையில் மவுஸையும் கொன்ட்ரோலரையும் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்கள். இரண்டை வைத்து ஆடுவது கள்ள ஆட்டமாம். போட்டியை நடத்துகிற ஐயா ஒரு போம் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் இரண்டு பெட்டி, கீபோர்ட் மவுஸுக்கு ஒன்று, பேட் என்று கொன்ட்ரோலருக்கு ஒன்று. "மல்லி, கீபோர்ட் எகென்த, பேட் எகென்த?" என்று சிங்களத்தில் கேட்டார், எதால் ஆடுகிறாய் என்று. "தெகென்ம" என்றேன். இரண்டாலும்தான் என்றதும் பேனாவை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏன் இரண்டு என்றார். நானா எழுந்து பதில் சொல்லப் போனார். நான் அவரை உட்காரச் சொன்னேன்.

கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அந்த ஐயா கையைப் பார்த்தார். பிறகு இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஒரு நீளக் கோடு இழுத்துவிட்டு, "ஹரி, வாடிவென்ன" என்றார். சரி, உட்கார் என்றதும் உட்கார்ந்தேன். சத்தம் போட்ட பையன்களில் ஒருவன் வந்து டியூப் வாரைக் கட்ட ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தான்.

முதல் சுற்றில் வென்றோம். இரண்டாவதில் தோற்றோம். நானா என்னையே இரண்டு முறை சுட்டுவிட்டார், அப்புறம் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் வரும்போது கம்பியை இடது கையால் பிடித்தேன். இரண்டு பேர் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பயமாக இருக்கிறது என்று நீ எழுதியதற்குக் கோபம் வரவில்லை. எனக்கும் முதல் முறை ஆஸ்பத்திரிக் கட்டைப் பிரித்தபோது அப்படித்தான் இருந்தது. நான் தினமும் பார்த்துப் பார்த்துப் பழகினேன், உனக்கு அது கிடைக்கவில்லை. அதனால் இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். என் இடது கையை அதன்மேல் வைத்து, வலது கையால் பென்சில் பிடித்து நானே சுற்றி வரைந்தது. அளவு சரியாக இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டி வை. டிசம்பருக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, தினமும் பார். வந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடு, அம்மா கேட்டாங்க.

கஜேந்திரன்